சனி, ஞாயிறில் என்ன விளையாடப் போகிறாய்?

வெள்ளிக்கிழமைகளில் எமது பாடசாலை நேரத்தோடு விட்டுவிடும். ஜும்ஆவுக்கு முந்திய அந்தக் கடைசிப் பாடவேளையில் யாருடைய மனமும் புத்தகத்தில் நிற்பதில்லை. கடந்த தவணையில் அப்படியொரு வெள்ளிக்கிழமை, எமது தமிழ் ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "சரி பிள்ளைகள், இந்தச் சனி, ஞாயிறுல என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

வழமையான பதில்களே வந்தன. ரியூஷன் வகுப்பு, உடுப்புக் கழுவுதல், உம்மம்மா வீடு, ஒருத்திக்குச் சாச்சியின் மகளுடைய கல்யாணம். கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி மட்டும், "கேம் விளையாடப் போறேன் ரீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. "என்ன கேம்?" என்று கேட்டார்.

அதற்கு முன்னர் எந்தப் பெரியவரும் எம்மிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஃபோனை வை" என்ற கட்டளைதான் எமக்குப் பழக்கம். அவள் எழுந்து நின்று சொன்னாள். ரீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதினார். பிறகு, "வேற யாரு?" என்றார். முதலில் மூன்று கைகள் உயர்ந்தன. சிறிது நேரத்தில் முப்பத்து நான்கு பேர் உள்ள வகுப்பில் பத்தொன்பது கைகள். கடைசியாக உயர்ந்த கை என்னுடையது.

மணி அடிக்க முன்னர் ரீச்சர் சொன்னார்: "இதைப் பத்தி மலருக்கு யாராவது ஒரு கட்டுரை எழுதுங்க. நன்மைகள், தீமைகள் எண்டு ரெண்டு பட்டியல் போட வேணாம். என்ன விளையாடுறீங்க, அது எப்படி வேலை செய்யுது, அதை எனக்கு விளங்கப்படுத்துங்க." நான் எழுதுகிறேன் என்றேன். ஏன் நான் முன்வந்தேன் என்பதைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

கரும்பலகையில் இருந்தவை

அன்று எழுதப்பட்ட பெயர்களில் முதலாவது டெட்ரிஸ். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கி, ஒரு வரிசை இடைவெளியின்றி நிரம்பினால் அது மறைந்துவிடும். இவ்வளவுதான் விதி. இதனை 1984 ஆம் ஆண்டில் மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையமொன்றில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் உருவாக்கினார். அவர் பயன்படுத்திய இயந்திரத்தில் படம் வரையும் வசதியே இருக்கவில்லை. ஆகவே அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டைகளைக் காட்டினார். நான்கு சதுரங்களைச் சேர்த்தால் கிடைக்கும் ஏழு வடிவங்களே டெட்ரிஸின் முழுச் சொத்து. "டெட்ரா" என்ற கிரேக்கச் சொல்லுக்கு நான்கு என்பது பொருள். அதனுடன் அவருக்குப் பிடித்த டென்னிஸைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். விளையாட்டு உலகெங்கும் பரவியபோதும் உரிமை அரசாங்கத்திடமே இருந்தது. 1996 ஆம் ஆண்டின் பின்னரே அதன் வருமானம் அவரது கைக்கு வரத் தொடங்கியது.

டெட்ரிஸில் வெற்றி என்று ஒன்று இல்லை. எவ்வளவு திறமையாக ஆடினாலும் இறுதியில் தோல்விதான். ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் வளைந்த இரண்டு கட்டைகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் எவராலும் தப்ப முடியாது என்பதைக் கணிதமுறையில் நிரூபித்தும் இருக்கிறார்கள். ஆயினும் 2023 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன், பழைய நிண்டெண்டோ இயந்திரத்தில் அந்த விளையாட்டு மேற்கொண்டு ஓட முடியாமல் உறைந்து நிற்கும் இடம் வரை ஆடிவிட்டான். அதற்கு முன்னர் அந்த இடத்தைத் தொட்டவை கணினி நிரல்கள் மட்டுமே.

இரண்டாவது பெயர் வேர்டில். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் தவறென்றால் மஞ்சள், இல்லாவிட்டால் சாம்பல் நிறம். ஜோஷ் வார்டில் என்ற பொறியியலாளர், சொற்புதிர்களில் ஆர்வமுள்ள தனது துணைக்காக இதனைச் செய்தார். 2021 நவம்பர் முதலாம் திகதி இதனை விளையாடியவர்கள் 90 பேர். இரண்டு மாதங்களில் அந்தத் தொகை 3 இலட்சத்தைத் தாண்டியது. 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை இதனை வாங்கிக்கொண்டது. இதன் சிறப்பு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்தான். உலகம் முழுவதற்கும் அதே சொல். முடிந்ததும் நாளை வரை காத்திருக்க வேண்டும். எமது வகுப்பில் இதை விளையாடும் நால்வரும் இடைவேளையில் விடையைச் சொல்லாமல் நிறங்களை மட்டும் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய ஆங்கிலமும் கொஞ்சம் கூடியிருக்கிறது என்பது ஆங்கில ரீச்சரின் கருத்து.

மூன்றாவது மைன்கிராஃப்ட். உலகம் முழுவதும் கட்டைகளால் ஆனது. மண், கல், மரம், தண்ணீர் எல்லாம் ஒரு மீற்றர் கனச்சதுரங்கள். அவற்றைத் தோண்டி எடுத்து வேறோரிடத்தில் அடுக்கலாம். 2009 இல் சுவீடனில் முதன்முதலாக வெளிவந்து, 2011 இல் முழுமையான வடிவம் பெற்றது. 2014 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 250 கோடி டொலருக்கு இதனை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. 2023 இல் 30 கோடிப் பிரதிகள் விற்பனையானதாக அறிவிக்கப்பட்டது. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. ஐக்கிய நாடுகளின் மனித குடியிருப்புத் திட்டம் 2012 முதல் மைன்கிராஃப்ட்டைக் கொண்டு நகர்ப்புற மக்களிடம் அவர்களது பொது இடங்களைத் திட்டமிடச் செய்து வருகிறது. கென்யாவின் நைரோபியில் உள்ள கிபேரா சேரியில் ஒரு விளையாட்டு மைதானத்தை அங்குள்ளவர்களே இவ்வாறு வடிவமைத்தார்கள். கட்டட வரைபடத்தை வாசிக்கத் தெரியாதவருக்கும் கட்டைகளை அடுக்கத் தெரியும் அல்லவா?

நான்காவது, கடைசி வாங்குத் தோழி சொன்ன ஸ்டார்டியூ வேலி. பாட்டனார் விட்டுச் சென்ற பாழடைந்த தோட்டமொன்றைத் திருத்திப் பயிரிடும் விளையாட்டு. அமெரிக்காவின் எரிக் பரோன் இதனை ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தனி ஒருவராக உருவாக்கினார். நிரல், படங்கள், இசை, கதை எல்லாமே அவருடையவை. 2016 பெப்ரவரியில் வெளிவந்தது. தன் மச்சியின் மடிக்கணினியில் சனிக்கிழமை மட்டும் இவள் விளையாடுகிறாள். "இந்தக் கிழமை தக்காளி பறிக்கோணும் ரீச்சர்" என்று அவள் சொன்னபோது மறுபடியும் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முதற்சிரிப்பைப் போன்றதல்ல.

ஐந்தாவது லூடோ. இதைச் சொன்னவள் நான். இந்தியாவின் பழைய பச்சீசி விளையாட்டிலிருந்து 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லூடோ பிறந்தது. இலத்தீனில் "நான் விளையாடுகிறேன்" என்று பொருள். எமது மூத்தவர்கள் சோகியை உருட்டி ஆடிய தாயமும் இதற்கு உறவுதான். 2016 இல் இந்திய நிறுவனமொன்று வெளியிட்ட லூடோ கிங் வந்த பிறகு பலகையும் காய்களும் ஃபோனுக்குள் போய்விட்டன.

ஆறாவதாக, பெயரைச் சொல்லவே சிலர் தயங்கிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள். தம்பிமாரும் நானாமாரும் ஆடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். தீவொன்றில் பலர் இறங்கி, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசியாக எஞ்சுபவர் வெல்லும் வகை இது.

திரைக்குள் என்ன நடக்கிறது?

இவ்வளவு வேறுபட்ட விளையாட்டுகளும் உள்ளே ஒரே முறையில்தான் ஓடுகின்றன. தகவல் தொழினுட்பப் பாடத்தில் நாம் படித்த உள்ளீடு, செயன்முறை, வெளியீடு என்ற மூன்றும் ஒரு வட்டமாகத் திரும்பத் திரும்ப நடக்கின்றன. விரல் எங்கே பட்டது என்று பார்ப்பது, அதற்கேற்ப எல்லாவற்றின் நிலையையும் கணக்கிடுவது, புதிய படத்தை வரைவது. பல விளையாட்டுகளில் இது வினாடிக்கு 60 தடவை நடக்கிறது. ஒவ்வொரு படமும் அசையாத படமே. அவை வேகமாக மாறுவதால் எமது கண் அதனை அசைவாகக் காண்கிறது.

தாயக்கட்டை ஃபோனுக்குள் எப்படி உருள்கிறது? உண்மையில் எதுவும் உருள்வதில்லை. கணினி ஒரு சூத்திரத்தால் ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண்ணைத் தருகிறது. "இந்த ஃபோன் எனக்கு மட்டும் ஆறு போடுதில்லை" என்று எனது வாப்பா அடிக்கடி குறை சொல்வார். ஒரு முறை கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு தடவை ஆறு விழாமலிருக்க வாய்ப்பு ஆறில் ஐந்து. அதைப் பத்துத் தடவை பெருக்கினால் ஏறத்தாழ நூற்றுக்கு 16 வருகிறது. அதாவது நேர்மையான தாயக்கட்டையிலும் ஆறு பேரில் ஒருவருக்குப் பத்துத் தடவை உருட்டியும் ஆறு விழாமல் போகலாம். எமது மனம் துரதிர்ஷ்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அதிர்ஷ்டத்தை வைத்துக்கொள்வதில்லை. வாப்பா கணக்கை ஏற்றுக்கொண்டார். குறை சொல்வதை மட்டும் விடவில்லை.

செய்தவர்கள் யார் என்பதையும் நாம் அறிய வேண்டும். "கேம் பொம்புளப் புள்ளைகளுக்கு இல்ல" என்று எமக்குச் சொல்லப்படுவதுண்டு. கரோல் ஷா என்ற பெண் 1978 இல் அட்டாரி நிறுவனத்தில் விளையாட்டு வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். பின்னர் அக்டிவிஷன் நிறுவனத்துக்காக 1982 இல் ரிவர் ரெய்ட் என்ற விளையாட்டை உருவாக்கினார். ஆற்றின் மேலே விமானத்தைச் செலுத்தும் விளையாட்டு அது. அது அடங்கிய நினைவகம் 4 கிலோபைட் மட்டுமே. இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பலநூறு மடங்கு பெரியது. அவ்வளவு நீண்ட ஆற்றை அதற்குள் வரைந்து வைக்க இடமில்லை. ஆகவே அவர் ஆற்றைச் சேமிக்கவில்லை. ஆற்றை உண்டாக்கும் சூத்திரத்தைச் சேமித்தார். விளையாடும்போது கரைகளும் வளைவுகளும் அந்தச் சூத்திரத்திலிருந்து பிறந்துகொண்டே வந்தன. கணிதப் பாடத்தில் சூத்திரங்களை மனனமிடும்போது எனக்கு இப்போது அந்த ஆறு நினைவுக்கு வருகிறது.

ஜப்பானின் தோரு இவாதானி 1980 இல் பக்மேனை உருவாக்கியதன் காரணமும் இதுவே. அக்கால விளையாட்டுக் கூடங்கள் ஆண்களால் நிறைந்திருந்தன. பெண்களும் வர வேண்டுமென்று விரும்பிய அவர் சண்டையை விட்டு, உண்பதைக் கருவாக எடுத்தார்.

எனது உம்மாவும் விளையாடியவர்தான் என்பதை இக்கட்டுரைக்காகக் கேட்டபோதே அறிந்தேன். நொக்கியா 1997 இல் தனது 6110 ஃபோனில் வைத்த பாம்பு விளையாட்டு பின்னர் வந்த சிறிய ஃபோன்களிலும் இருந்தது. வாப்பா கட்டாருக்குப் போன முதல் வருடம் அனுப்பிய நொக்கியாவில், அழைப்பு வரும்வரை காத்திருந்த இரவுகளில் உம்மா பாம்பை வளர்த்திருக்கிறார். "தன்ட வாலைத் தானே கடிச்சா செத்துடும். அதுக்குள்ள வாப்பாட கோல் வந்துடும்" என்றார்.

ஏன் நிறுத்த முடிவதில்லை?

இனி நான் முன்வந்த காரணத்துக்கு வருகிறேன்.

எனது தம்பிக்குப் பன்னிரண்டு வயது. சென்ற வருடம் அவனும் ஒரு சண்டை விளையாட்டில் மூழ்கியிருந்தான். விளையாட்டு இலவசம். ஆனால் அதற்குள் வைரங்கள் விற்கப்படும். வைரத்தைக் கொடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். பெட்டிக்குள் அழகான உடுப்பு இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத பொருளும் இருக்கலாம். தம்பி மூலைக்கடைக்குப் போய், "உம்மா றீலோட் போடச் சொன்னா, கணக்குல எழுதுங்க" என்று சொல்லத் தொடங்கினான். நூறு, இருநூறு என்று தொடங்கிப் பின்னர் ஐந்நூறு. மாதம் முடிந்து உம்மா கடன் கொப்பியைப் பார்த்தபோது றீலோட் கணக்கு மட்டும் 7,350 ரூபாய். அது எங்கள் வீட்டு மின்சாரப் பட்டியலுக்கும் எனது இரண்டு வகுப்புக் கட்டணங்களுக்கும் வைத்திருந்த காசு.

உம்மா கடைக்காரருடன் வாதாடினார். "கணக்குப் பிழையா எழுதிட்டீங்களோ தெரியா" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும். அந்த றீலோட்டிலிருந்து எனக்கும் டேட்டா கிடைத்தது. எல்லோரும் உறங்கிய பின் போர்வைக்குள் நான் ஒரு புதிர் விளையாட்டை இரவு ஒரு மணி வரை விளையாடிக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் தவணையில் எனது இரசாயனவியல் புள்ளி 71 இலிருந்து 48 ஆக இறங்கியது. "பாடம் கஷ்டம்" என்று சொன்னேன். இரண்டு நாட்கள் கழித்து, நேர்மையான ஒரு கடைக்காரர் மீது பழி நிற்பதைத் தாங்க முடியாமல் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதன் பிறகுதான் இவை எப்படி எம்மைப் பிடிக்கின்றன என்று தேடி வாசித்தேன். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கூண்டில் வைத்த புறாக்களையும் எலிகளையும் கொண்டு ஆராய்ந்தார். ஒவ்வொரு தடவையும் உணவு கிடைத்தால் பசிக்கும்போது மட்டுமே அவை முயலும். எந்தத் தடவை கிடைக்கும் என்று தெரியாதபோதோ அவை விடாமல் முயன்றுகொண்டிருந்தன. தம்பியின் பெட்டி அந்தக் கூண்டைப் போன்றதே. அடுத்த பெட்டியில் இருக்கலாம் என்ற எண்ணமே அங்கு விற்பனையாகிறது. காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் அடங்கும் என்று 2018 இல் பெல்ஜியம் அறிவித்தது. அதிர்ஷ்டத்துக்குக் காசு வைப்பதற்கு எமது வீடுகளில் என்ன பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். உடுப்பும் வைரமும் அதற்குப் பூசிய நிறங்கள்.

வேறு கொக்கிகளும் உண்டு. தினமும் வந்தால் ஒரு பரிசு, ஒரு நாள் தவறினால் சேர்த்த வரிசை அழிந்துவிடும் என்பது ஒன்று. உயிர்கள் தீர்ந்தால் அரை மணி நேரம் காத்திரு, அல்லது காசு கொடு என்பது இன்னொன்று. "உன் கூட்டாளிகள் உனக்காகக் காத்திருக்கிறார்கள்" என்ற அறிவித்தல் மற்றொன்று. நல்ல விளையாட்டுகளும் இதற்கு முழு விலக்கல்ல. ஸ்டார்டியூ வேலியில் பாத்திரம் உறங்கினால்தான் அன்றைய வேலை சேமிக்கப்படும். உறங்கி எழுந்தால் அடுத்த நாள் விடிந்துவிடும். பயிர் முளைத்திருக்கும். "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று தோழி நள்ளிரவு வரை போனதும் அதனால்தான். விளையாட்டில் பாத்திரம் இரவு இரண்டு மணிக்கு மயங்கி விழும். விளையாடுபவளை விழுத்த அப்படி யாரும் இல்லை.

இது நோயா? உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தனது நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்துள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள்: விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அது முதன்மை பெறுதல், கேடு விளைந்தும் தொடர்தல். இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்து, படிப்பையும் குடும்பத்தையும் கடுமையாகப் பாதிக்க வேண்டும். ஆகவே மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் விளையாடிய பிள்ளையை நோயாளி என்று சொல்லக் கூடாது. எனக்கும் தம்பிக்கும் அது நோயாகவில்லை. ஆனால் அந்தப் பாதையில் எங்கள் கால்கள் இருந்தன.

சீனா வேறு வழியில் போனது. 2021 செப்டெம்பர் முதல் 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் அரச விடுமுறை நாட்களில் இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை மட்டுமே இணையவழி விளையாட்டுகளை விளையாடலாம் என்று அந்நாடு விதித்தது. அங்கு வார இறுதி விளையாட்டு அரசாங்கம் அளந்து தரும் ஒரு மணி நேரம். எங்களுக்கு அளந்து தர யாரும் இல்லை. நாங்களே அளக்க வேண்டும்.

வாப்பாவின் கேள்வி

விடயம் தெரிந்ததும் உம்மா ஃபோனைப் பறித்து அலுமாரியில் பூட்டினார். அன்றிரவு வாப்பா அழைத்தார். தம்பி கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். வாப்பா ஏசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மகன், அது என்ன கேம்? எனக்கும் கொஞ்சம் சொல்லு" என்றார். தம்பி அழுதுகொண்டே சொன்னான். பெட்டியில் ஒரு நீலச் சட்டை இருக்கிறதாம். வகுப்பில் எல்லோரிடமும் அது உண்டாம். இல்லாதவனைக் குழுவில் சேர்ப்பதில்லையாம். இவ்வளவு காலமும் ஒரே அறையில் இருந்தும் எனக்கு அது தெரியாது. நான் கேட்டதில்லை.

காசைத் தம்பி திருப்பிக் கட்ட வேண்டும் என்று வாப்பா முடிவு சொன்னார். பெருநாள் காசிலிருந்து ஒரு பங்கு. மாமாவின் கடையில் சனிக்கிழமைகளில் பெட்டி பிரித்து அடுக்கும் வேலையிலிருந்து மறுபங்கு. அதோடு இன்னொன்றும் சொன்னார்: "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ராவைக்கு நாலு பேரும் லூடோ விளையாடுவோம்."

கட்டாரில் வார விடுமுறை வெள்ளியில் வருகிறது, எங்களுக்குச் சனி, ஞாயிறு. கடிகாரமும் இரண்டரை மணி நேரம் பிந்தியது. இரு பக்கமும் பொருந்துவது வெள்ளி இரவு மட்டுமே. அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாங்கள் மூவரும் ஒரு ஃபோனைச் சுற்றி உட்காருவோம். வாப்பா தூரத்திலிருந்து சிவப்புக் காயை நகர்த்துவார். உம்மா யாருடைய காயையும் வெட்டத் தயங்குவார், வாப்பாவுடையதைத் தவிர. இரண்டு ஆட்டம் முடிந்ததும் ஃபோனை வைத்துவிடுவோம். நான்கு வருடமாகக் கண்ணாடித் திரையில் "சாப்பிட்டீங்களா, படிக்கிறீங்களா" என்று மட்டும் கேட்ட வாப்பா, இப்போது எங்களுடன் சண்டை பிடிக்கிறார்.

நாங்கள் வைத்துக்கொண்ட நான்கு கேள்விகள்

வகுப்பில் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின்னர் இது ஒரு வழக்கமாகிவிட்டது. கடைசிப் பாடவேளையில் யார் என்ன விளையாடப் போகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். சொல்லும்போது நான்கு கேள்விகளுக்கும் பதில் வேண்டும்.

முதலாவது, இந்த விளையாட்டுக்கு முடிவு உண்டா? வேர்டில் ஒரு சொல்லோடு முடியும். லூடோ ஒருவர் வென்றதும் முடியும். முடிவே இல்லாதவற்றுக்கு முடிவை நாமே வைக்க வேண்டும்: பத்து ஆட்டம், ஒரு பாலம், ஒரு பருவம் என்று. "அரை மணி நேரம்" என்பதைவிட "இந்த வேலை முடியும் வரை" என்பது நிறுத்துவதற்கு இலகு என்பது எங்கள் அனுபவம்.

இரண்டாவது, யாரோடு? தெரிந்தவர்களோடு என்றால் நல்லது. முகம் தெரியாதவர் பெயர், பாடசாலை, படம் கேட்டால் அங்கேயே வெளியேறி வீட்டில் ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, காசு கேட்குமா? ஒரு தடவை விலை கொடுத்து வாங்கும் விளையாட்டு வேறு. இலவசமாக வந்து தினமும் கை நீட்டும் விளையாட்டு வேறு. இரண்டாவது வகைதான் கூடுதலான செலவு.

நான்காவது, சொல்ல முடியுமா? உம்மாவிடம், ரீச்சரிடம், தோழியிடம் இதைத்தான் விளையாடுகிறேன், இத்தனை மணிக்கு நிறுத்துவேன் என்று சத்தமாகச் சொல்ல முடியுமா? சொல்ல முடியாவிட்டால் அதை விளையாடுவதில் ஏதோ பிழை இருக்கிறது. போர்வைக்குள் நான் விளையாடிய புதிர் விளையாட்டில் தீமை ஒன்றும் இல்லை. அதை மறைத்ததுதான் எனக்குத் தீமையாக முடிந்தது. வெள்ளிக்கிழமை வாய்விட்டுச் சொன்னதைத் திங்கட்கிழமை தோழிகள் விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புக்கு ஃபோனில் உள்ள எந்தப் பூட்டை விடவும் பலம் அதிகம்.

பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "எவ்வளவு நேரம்?" என்று கேட்பதற்கு முன்னர் "என்ன விளையாடுகிறாய்?" என்று ஒரு தடவை கேளுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கினால், கேட்காத பலவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

தம்பி தனது கடனைச் சென்ற மாதம் கட்டி முடித்தான். கடைசி ஐந்நூறு ரூபாயைக் கடைக்காரரிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கொப்பியில் கோடு கீறிவிட்டு ஒரு டொஃபி கொடுத்தாராம். மாமா தந்த பழைய மடிக்கணினியில் இப்போது மைன்கிராஃப்ட் விளையாடுகிறான்.

போன வெள்ளிக்கிழமை பாடசாலையிலிருந்து வந்ததும் அவனிடம் கேட்டேன்: "இந்தச் சனி, ஞாயிறுல என்ன விளையாடப் போறாய்?"

"ஆத்துக்குக் குறுக்கால பாலம் ஒண்டு கட்டப் போறன் ராத்தா. தனியக் கட்டினா கனநாள் எடுக்கும். நீங்களும் வாறீங்களா?"

எனக்கு ஞாயிறு காலை இரசாயனவியல் வகுப்பு இருந்தது. அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் வருகிறேன் என்று சொன்னேன். பாலம் இன்னும் முடியவில்லை. இந்தக் கிழமையும் போக வேண்டும்.